ஏழு பூட்டும் ஒரு வயரும்

வீரகத்தியர் வீட்டில் ஏழு பூட்டுகள் இருந்தன. கேற்றுக்கு ஒன்று, முன்கதவுக்கு ஒன்று, உள்ளறைக்கு ஒன்று, அலுமாரிக்கு ஒன்று, மேசையின் இழுப்பறை லாச்சிக்கு ஒன்று. பிளொப்பி டிஸ்க் போட்டு வைக்கும் பிளாஸ்டிக் பெட்டிக்குக்கூடச் சுண்டுவிரல் நகமளவில் ஒரு பூட்டு. ஏழாவது, உள்ளறைக் கொம்பியூட்டரைத் திறந்ததும் திரையில் கேட்கும் பாஸ்வேர்ட். அந்தப் பாஸ்வேர்ட்டை மாதம் ஒருமுறை பஞ்சாங்கத்தில் நல்ல நேரம் பார்த்து, கதவைச் சாத்திக்கொண்டு மாற்றுவார். இரண்டாயிரத்தோராம் ஆண்டில் வவுனியா குருமன்காட்டுப் பக்கம் ஒரு மனிதர் ராகுகாலம் தவிர்த்துப் பாஸ்வேர்ட் மாற்றிக்கொண்டிருந்தார் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். நம்பாவிட்டால் போகட்டும், மனிதர் அப்படித்தான் இருந்தார்.

காணிக் கந்தோரில் முப்பது வருடம் கிளாக்கராகக் குந்தியிருந்து ஓய்வுபெற்றவர். அதன் பிறகு கலியாணம் பேசி வைப்பதையும் சாதகப் பொருத்தம் பார்ப்பதையும் தொழிலாக எடுத்துக்கொண்டார். எந்த வீட்டுப் பெட்டைக்கு எத்தனை வயது, எந்தப் பொடியன் குடிக்கிறான், யாருடைய பேரன் எங்கேயிருந்து வந்தவன் என்பதெல்லாம் அவர் கையில் இருந்தது. கொழும்பில் இருந்த தங்கையின் மகன் நிரஞ்சன் இரண்டு பழைய கொம்பியூட்டர்களைக் கொண்டுவந்து இறக்கிய நாளிலிருந்து அவர் கால் நிலத்தில் படவில்லை. வன்னியிலேயே ஒரு வீட்டுக்குள் இரண்டு கொம்பியூட்டர் வைத்திருக்கிற ஒரே ஆள் தான்தான் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புழுகுவார். உள்ளறையில் ஒன்று, அது அவருக்கு. முன்னறையில் மற்றது, அதோடுதான் பிறிண்டரும் இருந்தது. அதில் டைப் அடிக்க வந்தவள்தான் சுமித்திரா.

சுமித்திராவுக்கு இருபத்துமூன்று வயது. மன்னார் வீதியால் போய்க் குளக்கட்டில் இறங்கினால் வரும் குடியிருப்பிலிருந்து சைக்கிளில் வருவாள். வழியில் இரண்டு இடத்தில் ஆமி மறிக்கும், சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கச் சொல்லிச் சம்பலைக் கிண்டிப் பார்க்கும். எழுபத்தேழுக் கலவரத்தில் மாத்தளைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றை விட்டுக் கட்டின துணியோடு ஓடிவந்து, காடு வெட்டிக் குடியேறிய குடும்பம் அவளுடையது. அவள் பிறந்ததே இந்த மண்ணில். கதைப்பதும் இந்த மண்ணின் கதைதான். ஆனாலும் தோட்டத்திலிருந்து வந்த சனம் என்பதால் வீரகத்தியர் வீட்டில் அவளுக்குத் தேத்தண்ணி வருவது விளிம்பு உடைந்த ஒரு நீலப்பூக் கோப்பையில். அந்தக் கோப்பையை அந்த வீட்டில் வேறு ஒருவரும் தொடுவதில்லை, அது குசினிக்கு வெளியே பைப்படியில் கவிழ்ந்து கிடக்கும்.

அவள் அதைப் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் அக்கா கஜேந்தினி. இருபத்தொன்பது வயது, பாலர் பாடசாலை ஆசிரியை. தகப்பன் இல்லாத வீட்டில் அவள்தான் சுமித்திராவைப் படிப்பித்தவள். அக்காவின் சாதகம் வீரகத்தியர் கையில் இரண்டு வருடமாகக் கிடந்தது. "பாப்பம் பிள்ளை, நேரம் வரவேணும்" என்று அவர் ஒவ்வொரு முறையும் சொல்லுவார். அந்த நேரம் வந்தால் பக்கத்தில் நிற்க வேண்டும் என்றுதான் சுமித்திரா கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு கொம்பியூட்டரையும் இணைக்க நிரஞ்சன் வந்து நின்ற நாள் அவளுக்கு நல்ல நினைவு. சுவரில் துளை போடுவதற்கு வீரகத்தியர் பத்து முப்பத்தாறுக்கு முகூர்த்தம் வைத்திருந்தார். துளைக்குள்ளால் வயரை நுழைத்து அந்தப் பக்கத்து முனையைப் பிடித்துக்கொண்டு சுமித்திரா நின்றாள்.

"மாமா, முழு டிரைவையும் திறந்து விடாதேங்கோ" என்றான் நிரஞ்சன். "பிறிண்ட் எடுக்கிறதுக்கு எண்டு ஒரு போல்டர் தனியா வையுங்கோ. அதை மட்டும் அங்கால காட்டுங்கோ. அதையும் வாசிக்க மட்டும் எண்டு குடுங்கோ. பாஸ்வேர்ட் கட்டாயம் போடுங்கோ."

வீரகத்தியர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுத் திரையைப் பார்த்தார். அங்கே ஒன்றுக்குக் கீழே ஒன்றாகத் தெரிவுகள் இருந்தன. வாசிக்க மட்டும் ஒன்று, முழுக்க ஒன்று. முப்பது வருடம் கந்தோரில் இருந்தவருக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

"முழுக்க எண்டு ஒண்டு கிடக்கேக்க அரைவாசியை ஏனடா எடுக்க? எனக்கென்ன குறைச்சல்?"

"மாமா, அது உங்களுக்கு இல்லை. அங்கால இருக்கிற ஆளுக்கு நீங்கள் குடுக்கிறது. முழுக்கக் குடுத்தால் அங்கால இருந்துகொண்டே உங்கட கோப்புகளை மாத்தலாம், அழிக்கலாம்."

"அங்கால இருக்கிறது ஆர்? உந்தப் பிள்ளை. அதுக்கு டைப் அடிக்கிறதை விட்டால் வேற என்ன தெரியும்? நீ அழுத்து."

உந்தப் பிள்ளை இரண்டடி தூரத்தில் வயரைப் பிடித்துக்கொண்டு நின்றது. நிரஞ்சனுக்கு முகம் ஒரு மாதிரிப் போய்விட்டது. முழு டிரைவையும் அவர் சொன்னபடியே முழுக்கத் திறந்து கொடுத்தான். பாஸ்வேர்டாவது போட்டே தீரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று ஒன்றைப் போடவைத்துவிட்டு, அடுத்த நாளே கொழும்புக்குப் பஸ் ஏறினான்.

அந்தப் பாஸ்வேர்ட் ஒரு கிழமைதான் உயிரோடு இருந்தது. சுமித்திரா தன் கதிரையிலிருந்தே உள்ளறைக் கொம்பியூட்டரில் உள்ள ஒரு சாதகத்தை எடுத்துப் பிறிண்ட் பண்ணப் போகிற ஒவ்வொரு முறையும் திரை பாஸ்வேர்ட் கேட்டது. "ஐயா, கேக்குது" என்று அவள் கூப்பிடுவாள். வீரகத்தியர் முழங்கால் நோவோடு எழுந்து வந்து, "அங்கால போய் நில்" என்று அவளை வாசலுக்கு அனுப்பிவிட்டு, இரண்டு கையாலும் கீபோட்டை மறைத்து ஒவ்வொரு எழுத்தாகக் குத்துவார். ஒரு நாளைக்கு எட்டு முறை, ஒன்பது முறை. பாஸ்வேர்ட்டை அவளிடம் சொல்லிவிட்டால் அலுவல் முடிந்தது. ஆனால் அவளிடம் போய், அவளைப்போல ஒருத்தியிடம் போய், தன் சாவியை எப்படிக் கொடுப்பது? இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் புதன்கிழமை நல்ல நேரம் பார்த்து, வயர் வழிக்குப் போட்ட அந்தப் பாஸ்வேர்ட்டையே எடுத்துவிட்டார்.

இதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஒருத்தியிடம் சாவியைக் கொடுக்க மனமில்லாமல் கதவையே கழற்றி வைத்துவிட்டுப் போய்ப் படுத்த மனிதர் இவர். அவளுடைய நேர்மையை நம்பிக் கழற்றியிருந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், சுமித்திரா அந்தப் பக்கம் எட்டியும் பார்த்திருக்கமாட்டாள். வீரகத்தியர் நம்பியது அவளுடைய முட்டாள்தனத்தை. இழுத்துப் பார்க்கக்கூடிய ஆறு பூட்டையும் அன்றும் இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார்.

ஆவணி மாதத்தில் அக்காவின் நேரம் வந்தது. பஸ் ஸ்ராண்டுக்குப் பக்கத்துப் பாமசி மருந்துக்கடையில் வேலை செய்யும் அஜந்தன் என்ற பொடியன் தன் தமக்கையின் பிள்ளையைக் காலையில் பாலர் பாடசாலைக்குக் கொண்டுவந்து விடுவான். விட்டுவிட்டுப் போகாமல் வேலியோரம் நிற்பான். ஆறு மாதம் நின்ற பிறகு ஒருநாள் கஜேந்தினியிடம் நேராகக் கேட்டான். அவள் முகம் சிவக்க, "வீட்டில வந்து கேளுங்கோ" என்று சொல்லிவிட்டு வந்து, அன்று முழுவதும் பாட்டுப் பாடிக்கொண்டு திரிந்தாள். அக்கா பாடிச் சுமித்திரா அதற்கு முன் கேட்டதில்லை.

அஜந்தனின் தாய் வடிவம்மா பொல்லாத கண்டிப்புக்காரி. மகன் சொன்ன பெட்டையைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் சாதகம் பொருந்தினால்தான் மற்றக் கதை என்று சொல்லிவிட்டு, நேராக வீரகத்தியரிடம் வந்து மகனின் ஓலையைக் கொடுத்துவிட்டுப் போனாள். வீரகத்தியர் அக்காவின் பழைய ஓலையை வெளியே எடுத்துச் சுமித்திராவிடம் தந்தார். "அடி" என்றார். அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்து அடித்தாள். பிறந்த நேரம் காலை ஆறு இருபது. செவ்வாய் ஒன்பதில். ஒன்பதில் செவ்வாய் இருந்தால் தோசமில்லை என்பது பொருத்தம் அடித்து அடித்தே அவளுக்குத் தெரிந்திருந்தது.

நாலு நாள் கழித்து வீரகத்தியர் வெற்றிலை போட்டுக்கொண்டே சொன்னார்.

"கொக்கா கஜேந்தினியின்ர விசயம் சரிவராது போல கிடக்கு பிள்ளை. எட்டில செவ்வாய். புருசனுக்கு ஆகாது."

"ஒன்பதில எல்லோ ஐயா?"

"நீ சாத்திரம் படிச்சனியோ?"

"நான்தானே அடிச்சனான். ஆறு இருபது, ஒன்பதில செவ்வாய்."

"அடிக்கிறதோட நில். கணக்குப் பாக்கிறது என்ர வேலை."

அன்று வீட்டுக்குப் போய்த் தாய் வீரம்மாவிடம் கேட்டாள். வீரம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, மணிக்கூடு பார்க்கவும் அவ்வளவு வராது. ஆனால் இந்த நேரத்தை மட்டும் யாராலும் அவளிடமிருந்து பிடுங்க முடியாது.

"காலப் பிரட்டுக்கு ஆள் எண்ணி முடிச்சு, கங்காணி மேல ஏறிப் போறாரு, அப்பத்தான் ஒங்கக்கா பொறந்தா" என்றாள். தோட்டத்தில் காலை வேலைக்கு ஆள் எண்ணி அனுப்புவதுதான் பிரட்டு. "ஆறு மணிக்குப் பிரட்டு. ஆள் எண்ண இருவது நிமிசம். டிஸ்பென்சரி ஐயாவே பாத்து எழுதுனாரு. எட்டுல எப்புடி வரும்? வராது."

அடுத்த நாள் காலை வீரகத்தியர் பென்சன் எடுக்கத் தபால் கந்தோருக்குப் போனார். போகிறபோது உள்ளறையைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு போனார். கொம்பியூட்டரை நிற்பாட்டவில்லை. நிற்பாட்டினால் திரும்ப எழும்ப நேரமெடுக்கும் என்பது அவருடைய கவலை. சுவருக்கு இந்தப் பக்கம் சுமித்திரா தன் கதிரையில் இருந்தபடியே வயருக்குள்ளால் அவருடைய உள்ளறைக்குள் போனாள். எந்தக் கதவும் கேட்கவில்லை. பிறிண்ட் போல்டருக்குப் பக்கத்தில் அவருடைய முழுக் குடித்தனமும் திறந்து கிடந்தது. பேரனின் பிறந்தநாள் படம், தங்கைக்கு எழுதிய சண்டைக் கடிதம், அதற்குக் கீழே ஆங்கில எழுத்தில் ‘சொந்தம்’ என்று பெயர் வைத்த ஒரு போல்டர்.

அதற்குள் ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு கோப்பு. ஒன்று சாதகம். மற்றது வீரகத்தியர் தன் கையால், எழுத்துப் பிழையோடு, தனக்கென்று அடித்து வைத்த குறிப்பு. ‘பெட்டைக்கு வலிப்பு. சொல்லத் தேவையில்லை.’ ‘தாய் வாய்க்காரி. பொடியன் சொன்ன சொல் கேப்பான்.’ ‘குடி. லண்டன் இடத்துக்குக் காட்டலாம், அவை விசாரிக்கமாட்டினம்.’ இந்தச் சனம் எல்லாம் இதே முன்னறையில் இருந்து, பல் தெரியச் சிரித்து, இந்த மனிதரிடம் தங்கள் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டுப் போன சனம். வாசித்தது தன் பிழை என்றும் பட்டது. மூடிவிட நினைத்தவளின் கண்ணில் அக்காவின் பெயர் பட்டது.

அக்காவுக்கு மூன்று கோப்பு இருந்தது. ஒன்று அவள் அடித்தது. அடுத்தது அதே சாதகம், ஆனால் பிறந்த இடம் எடுபட்டிருந்தது, நேரம் எட்டு இருபது. இரண்டு மணித்தியாலம் தள்ளினதில் இலக்கினம் ஒரு வீடு நகர்ந்து, செவ்வாய் எட்டுக்கு வந்து குந்தியிருந்தது. மூன்றாவது குறிப்பு.

‘தோட்டக்காட்டு வழி. 77இல் வந்தவை. வடிவம்மாவுக்குத் தெரியாது. இந்தச் சம்பந்தத்தை நான் கொழுவி விட்டால் பிறகு ஊரில் என்ன மதிப்பு. உள்ளதைச் சொன்னால் பொடியன் முரண்டு பிடிப்பான். செவ்வாய் போதும். நல்ல இடத்துக்குக் காட்டக் கூடாது.’

இரண்டு வருடமாக "நேரம் வரவேணும்" என்று சொன்ன வாய் இது. அவள் கழுவிக் கவிழ்த்த கோப்பை எத்தனை. குறிப்பின் கடைசியில் ஒரு புள்ளியை வைத்துச் சேமித்துப் பார்த்தாள். சேமித்தது. நிரஞ்சன் சொன்ன ‘முழுக்க’ இதுதான் என்று அப்போது விளங்கியது. எட்டு இருபதை ஆறு இருபதாக மாற்றிவிட ஒரு நிமிடம் போதும். ஆனால் அப்படி மாற்றினால் தானும் வீரகத்தியர் செய்ததையே செய்கிறவள் ஆகிவிடுவாள் என்று பட்டது. உள்ளதை உள்ளபடி வடிவம்மா பார்க்கட்டும், ஒரு தாய்க்கு நியாயம் தெரியாமல் போகாது என்று நினைத்தாள். வைத்த புள்ளியை எடுத்துவிட்டு மூடினாள். அவ்வளவு பார்த்த பிறகும் மனிசரை நம்புகிற வயது அவளுக்கு.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வடிவம்மா வந்தாள். மொறமொறவென்று கஞ்சி போட்ட சேலை, கையில் ஒரு கறுத்தத் தோல்பை. வீரகத்தியரின் மனைவி விமலேஸ்வரி பொன் விளிம்புக் கோப்பையில் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுக் குசினிக்குப் போனாள். வீரகத்தியர் உள்ளறைக்குள் இருந்தபடி அறிக்கை வாசிக்கிற குரலில் கூப்பிட்டார்.

"பிள்ளை, கஜேந்தினி எண்டு பிறிண்ட் போல்டரில போட்டிருக்கிறன். எடுத்து வடிவம்மாத் தங்கச்சியிட்டக் குடு."

சுமித்திரா அந்தப் போல்டரைத் திறக்கவில்லை. ‘சொந்தம்’ போல்டரைத் திறந்தாள். அக்காவின் மூன்று கோப்புகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிறிண்டருக்கு அனுப்பினாள். பிறிண்டர் கரகரவென்று இழுத்து இழுத்து அடித்தது. மூன்று தாளையும் ஒழுங்காக அடுக்கி, இரண்டு கையாலும் வடிவம்மாவிடம் கொடுத்துவிட்டுத் தன் கதிரையில் வந்து இருந்தாள்.

வடிவம்மா கண்ணாடியைப் போட்டாள். முதல் தாளை வாசித்தாள். பிறந்த இடம் என்ற வரியில் விரல் நின்றது. இரண்டாவதை வாசித்தாள். மூன்றாவதை இரண்டு தரம் வாசித்தாள். உள்ளேயிருந்து வீரகத்தியர் சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு, துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வந்தார்.

"என்ன தங்கச்சி செய்யிறது, செவ்வாய் எட்டில..."

அப்போதுதான் மூன்று தாளைக் கண்டார். மூன்றாவது தாளைக் கண்டார். வாயிலிருந்த வெற்றிலை அசையாமல் நின்றது.

"அண்ணை" என்றாள் வடிவம்மா. "இதை நீங்கள் எனக்கு முதலே சொல்லியிருக்கலாம். நான் என்ன அந்நியமோ?"

"தங்கச்சி, அது வந்து..."

"குறை சொல்லேல்லை அண்ணை. நீங்கள் செய்தது பெரிய உபகாரம்." குரலைத் தாழ்த்தினாள். "தோட்டக்காடு எண்டு நான் வாய் திறந்தால் அவன் என்னோட சண்டைக்கு நிப்பான். இந்தக் காலத்துப் பொடியள் உதுகளைக் கேளாதுகள். செவ்வாய் எண்டால் பயப்பிடுவான். அவன்ர உயிர்க் கதையெல்லே. உங்களைக் கும்பிட வேணும்."

இரண்டாவது தாளை மட்டும் நாலாக மடித்துத் தோல்பைக்குள் வைத்தாள். மற்ற இரண்டையும் மேசையில் வைத்து, காற்றுக்குப் பறக்காமல் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்து மேலே வைத்தாள்.

சுமித்திரா எழுந்து நின்றாள். "அது என்ர அக்கா" என்றாள்.

வடிவம்மா அவளை அப்போதுதான் பார்த்தாள். தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள்.

"அப்பிடியே பிள்ளை? நல்ல பிள்ளையள் எண்டுதான் எல்லாரும் சொல்லுகினம்" என்றாள். தோல்பையைப் பூட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

கேற் சாத்துகிற சத்தம் கேட்ட பிறகுதான் வீரகத்தியருக்குக் குரல் வந்தது.

"எளிய மூதேவி. எங்கையிருந்து எடுத்தனி?"

"உங்கட கொம்பியூட்டரில இருந்து."

"சாவி என்ர இடுப்பில கிடக்கு. எப்பிடி உள்ளுக்க போனனி?"

"நான் உள்ளுக்க வரேல்லை ஐயா. இந்தக் கதிரையில இருந்துதான் எடுத்தனான். நீங்கள்தானே முழுக்கத் தந்தனீங்கள்."

அவருக்கு விளங்கவில்லை. விளங்கியிருந்தால் அவர் வீரகத்தியர் இல்லையே. சாவிக்கொத்தை உருவிக்கொண்டு உள்ளே ஓடினார். அலுமாரிப் பூட்டை இழுத்துப் பார்க்கிற சத்தம் கேட்டது, பிறகு லாச்சியை, பிறகு அந்த நகமளவுப் பூட்டை. "விமலேஸ்வரி, இஞ்சை வா, பூட்டு உடைச்சிருக்கோ எண்டு பார்" என்று கத்தினார். எல்லாப் பூட்டும் பூட்டியபடியே இருந்தது. அவர் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்த அந்த ஐந்து நிமிடத்தில், சுவருக்கு இந்தப் பக்கம், சுமித்திரா அக்காவின் பெயரில் இருந்த எல்லாவற்றையும் அழித்தாள். பிறிண்ட் போல்டரில் கிடந்ததையும் அழித்தாள். பிறகு கொம்பியூட்டரில் புதிதாக ஒரு கோப்புத் திறந்து நாலு வரி அடித்துச் சேமித்தாள். தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழே கிடந்த இரண்டு தாளையும், தன் மேசை மட்டைக் கோப்பில் இருந்த அக்காவின் ஓலையையும் எடுத்துச் சாப்பாட்டுப் பையில் வைத்தாள். பைப்படியில் கவிழ்ந்து கிடந்த நீலப்பூக் கோப்பையைத் தூக்கிக் கல்லில் ஒரு போடு போட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்தாள்.

வீட்டில் கஜேந்தினி எல்லாவற்றையும் கேட்டாள். இரண்டு தாளையும் வாசித்தாள். வீரம்மா மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதாள்.

"என்னாலதான் அக்கா" என்றாள் சுமித்திரா. "அவாவுக்குக் காட்டாமல் நேரத்தை மட்டும் மாத்தி விட்டிருந்தால் இந்நேரம் சம்மதம் சொல்லியிருப்பா."

"அந்த மனிசிக்கு மருமகளாப் போயிருப்பன். பேந்து ஒருநாள் தெரிய வரும். எனக்கும் ஒரு கோப்பை பைப்படியில கிடந்திருக்கும்." கஜேந்தினி கண்ணைத் துடைத்தாள். "என்ர பேர் இன்னும் அந்தாளின்ர கொம்பியூட்டரில கிடக்கோ?"

"இல்லை. அழிச்சிட்டன்."

"மற்ற ஆக்களின்ர?"

"தொடேல்லை. ஒண்டு மட்டும் புதுசா வச்சனான். அவற்ற பேரில."

"என்னெண்டு?"

சுமித்திரா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "வீரகத்தி. வயது அறுபத்துநாலு. ஏழு பூட்டு வச்சிருக்கிறார், ஒண்டும் பூட்டத் தெரியாது. நல்ல இடத்துக்குக் காட்டக் கூடாது."

கஜேந்தினி சிரித்தாள். சிரித்துச் சிரித்து, அந்தச் சிரிப்பு எங்கேயோ உடைந்து, தங்கையின் தோளில் முகத்தை வைத்து அழுதாள். அவளுக்கு அந்தப் பொடியனைப் பிடித்திருந்தது. அதை மறைத்து என்ன பயன்.

திங்கட்கிழமை அஜந்தன் வழமைபோலப் பிள்ளையைக் கொண்டுவந்தான். வேலியோரம் நிற்கவில்லை, நேராக வந்தான். நிலத்தைப் பார்த்துக்கொண்டு கதைத்தான்.

"செவ்வாய் எண்டு அம்மா சொல்லுறா. எனக்கு அதில நம்பிக்கை இல்லை. எண்டாலும் அம்மா..."

கஜேந்தினி கைப்பையிலிருந்து இரண்டு தாளையும் எடுத்துக் கொடுத்தாள். "அம்மா மற்றத் தாளைக் கொண்டு போயிட்டா. இந்த ரெண்டையும் மேசையில விட்டிட்டுப் போனவா. மூண்டையும் வாசிச்சவா."

அவன் நின்றபடி வாசித்தான். முகம் வெளுத்தது, பிறகு கறுத்தது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு சொல், ஒரேயொரு சொல் வந்திருந்தாலும் போதும் அவளுக்கு. அவன் தாளைச் சின்னதாக மடித்து, இன்னும் சின்னதாக மடித்து, தன் சேட்டுப் பொக்கற்றுக்குள் வைத்தான்.

"இதை வேற ஆருக்கும் காட்டிப்போடாதேங்கோ" என்றான். "அம்மாவுக்கு மானக்கேடு."

அந்தப் பக்கம் குருமன்காட்டில் வீரகத்தியர் அன்று காலைதான் எட்டாவது பூட்டு வாங்கினார். முன்னறைக் கொம்பியூட்டருக்கு ஒரு பலகைப் பெட்டி அடித்து அதற்குப் போட்டார். புதிதாக வருகிற பிள்ளை தன் ஆக்களாக இருக்க வேண்டும் என்று விசாரித்துக்கொண்டு திரிந்தார். சுவருக்குள்ளால் போன வயர் கிடந்தபடி கிடந்தது, அதைப் பற்றி அவர் யோசிக்கவேயில்லை.

இந்தப் பக்கம் கஜேந்தினி அஜந்தனின் பொக்கற்றைப் பார்த்தாள். அதை அவன் உள்ளங்கையால் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தான். அவளுக்கு அவன்மேல் இருந்தது எல்லாம் அந்தக் கையைப் பார்த்ததோடு வற்றிப்போனது.

"அம்மா சொன்னதே சரி" என்றாள். "எட்டில செவ்வாய். என்னைக் கட்டுறவன் செத்துப்போவானாம். நீங்கள் தப்பிட்டீங்கள். போய் நல்லா இருங்கோ."

அவன் கையிலிருந்த பிள்ளையின் தண்ணிப்போத்திலை வாங்கிக்கொண்டு, பிள்ளையைக் கையில் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். காலைப் பாட்டுக்கு நேரமாகியிருந்தது.